நாணய விளையாட்டுப் பொறிகள்: தொகுப்பும் செப்பமும்

தோற்றுவாய்

பழம்பொருளைத் தேடித் தொகுப்பதும், சிதைந்ததைச் செப்பம் செய்து நிறுத்துவதும் மொழித்துறையார்க்குப் புதியன அல்ல. கரையானுக்கும் நெருப்புக்கும் தப்பிய ஏடுகளை ஊர் ஊராகச் சென்று திரட்டி, படியோடு படி ஒப்பிட்டு அச்சேற்றிய பெருமக்களின் உழைப்பால்தான் நாம் இன்று சங்க நூல்களைப் பாடமாக நடத்துகின்றோம். அத்தகைய உழைப்பு இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. கடைத்தெருவில் காசு வாங்கிக்கொண்டு ஓடிய ஒரு விளையாட்டுப் பொறியையும் அதே கவலையோடு தேடிக் கண்டு, வீட்டின் வண்டிக் கொட்டகையில் வைத்து, மாதக்கணக்கில் உழைத்து உயிர்ப்பிப்போர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் பலர் உளர். அவர்கள் தொகுப்பது யாது, செப்பனிடுவது எங்ஙனம், அப்பணியில் எழும் வினாக்கள் எவை என்பனவற்றை மாணவர்க்கு விளங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டுப் பொருளைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதா என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். பொம்மையும் பல்லாங்குழிப் பலகையும் அருங்காட்சியகத்தில் இடம்பெறும்போது அவற்றை நாம் பண்பாட்டுச் சான்று என்றே போற்றுகின்றோம். காலம் சற்று அண்மையது என்பதொன்றே இங்கு வேறுபாடு.

பொறிகளின் வரலாறு

நாணயம் இட்டு ஆடும் மின்திரை விளையாட்டுப் பொறி வணிக முறையில் விற்பனைக்கு வந்தது 1971ஆம் ஆண்டில். நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்னும் இருவர் வடிவமைத்து, நட்டிங் அசோசியேட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்பது அதன் பெயர். அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'கேலக்ஸி கேம்' என்னும் பொறியை நிறுவினர். முழுக் கணினி ஒன்றையே உள்ளே வைத்திருந்தமையால் அது பெருஞ்செலவினதாகி, விற்பனைக்கு வாராமலே நின்றுவிட்டது. 1972இல் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' வெளிவந்தது. அதனை ஆக்கியவர் ஆலன் அல்கார்ன். கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்னும் ஊரின் மதுக்கூடம் ஒன்றில் முதற்பொறியை வைத்தனர். சில நாளில் பொறி ஓடவில்லை என்று அழைப்பு வந்தது. சென்று திறந்து பார்த்தபோது காசு பெறும் கலம் நிரம்பி வழிந்ததே பழுதுக்குக் காரணம் என்று தெரிந்தது.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இத்தொழிலை உலகளாவியதாக்கிற்று. அந்நாட்டில் நூறு யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு உண்டாயிற்று என்னும் கதை பலவிடத்தும் எழுதப்படுகிறது. அது சான்றில்லாத செவிவழிச் செய்தியே. உண்மையான வியப்பு பொறியினுள்ளேயே இருக்கிறது. திரையிலுள்ள படைவீரர் உருக்களைச் செயலி ஒன்றன்பின் ஒன்றாகவே நகர்த்தும். ஆடுபவர் சுடச்சுட உருக்கள் குறையும். குறையக் குறைய எஞ்சியவற்றின் முறை விரைந்து வரும். எனவே அவை வேகமெடுக்கும். செயலியின் ஆற்றற் குறைவால் நேர்ந்த இவ்விளைவை நிஷிகாடோ களையாது ஆட்டத்தின் சுவையாகவே அமைத்துக்கொண்டார்.

1979இல் அட்டாரியின் 'ஆஸ்டராய்ட்ஸ்', 1980இல் நாம்கோ நிறுவனத்துக்காகத் தோரு இவாதானி படைத்த 'பாக்-மேன்', 1981இல் நிண்டெண்டோவுக்காக ஷிகெரு மியாமோட்டோ வடித்த 'டாங்கி காங்' என்று அடுத்தடுத்து வந்தன. பாக்-மேன் அமெரிக்காவில் மிட்வே நிறுவனத்தின் வழியாக ஏறத்தாழ ஒரு லட்சம் பொறிகள் விற்றது. 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. 1991இல் காப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' மறுவாழ்வு தந்தபோதிலும், வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்தாடும் கருவிகள் வலுப்பெற்றபின் பொறிக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஜப்பானில் நெடுங்காலம் கூடங்களை நடத்திய சேகா நிறுவனமும் 2022இல் அத்தொழிலிலிருந்து முற்றிலும் விலகிற்று.

பொறி வந்து சேரும் வழி

வருவாய் நின்ற பொறியைக் குத்தகையாளர் கிடங்கில் தள்ளினர்; இடம் போதாதபோது உடைத்து எறிந்தனர். எஞ்சியவை தாம் இன்று தொகுப்பாளர் கைக்கு வருகின்றன. பண்ணைக் கொட்டகை, மூடிய உணவகத்தின் பின்னறை, ஈரம் ஊறிய நிலவறை என எங்கிருந்தும் அவை கிடைக்கும். வேல்ஸ் நாட்டின் வடகரையில் 1979ஆம் ஆண்டு முதல் தரைதட்டி நிற்கும் 'டியூக் ஆஃப் லங்காஸ்டர்' என்னும் பழைய பயணிகள் கப்பலினுள்ளும் இத்தகைய பொறிகள் பல அடைபட்டுக் கிடந்தன. 2010களின் தொடக்கத்தில் ஆங்கிலத் தொகுப்பாளர் சிலர் உரிமையாளரிடம் பேசி விலைகொடுத்து, பளுதூக்கி கொண்டு அவற்றைக் கரையிறக்கினர். கடற்காற்றில் முப்பது ஆண்டு கிடந்தவற்றை மீட்டெடுக்க இயலுமா என்று ஐயுற்றோர் வியக்கும்படி அவற்றுள் சில மீண்டும் ஓடலாயின.

ஆள் உயரத்துக்குக் குறையாத பெட்டி; நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடை. மாடிப்படியில் ஏற்றுவது இருவர் மூவர்க்கும் கடினம். ஆகவேதான் இக்கலை தனிவீடும் வண்டிக் கொட்டகையும் உள்ள நாடுகளிலேயே பெரிதும் வேர்கொண்டது. இருபது முப்பது பொறிகளை வாங்கி அடுக்கிவைத்துவிட்டு ஒன்றையேனும் ஓடவைக்காதவர்களும் அங்கு உண்டு. அதனைத் தொகுப்பு என்று சொல்ல நாம் தயங்குகின்றோம். கிடங்கு இடம் மாறியது என்பதன்றி வேறு பயன் அதில் இல்லை.

மின்னிணைப்புக்கு முன்

புதிதாக வாங்கிய பழம்பொறியை உடனே மின்னோடு இணைத்துப் பார்க்க ஆவல் எழுதல் இயல்பு. தேர்ந்தவர் அதனை ஒருபோதும் செய்யார். முதலில் பின்கதவைத் திறந்து பார்ப்பர். எலி கடித்த கம்பி, தரமற்ற மாற்று ஃபியூஸ், எவரோ முன்பு முறுக்கிச் சேர்த்த இணைப்பு ஆகியவற்றைக் கண்ணால் கண்டு களைந்த பின்னரே அடுத்த படி. சுற்றுப் பலகையையும் திரையையும் கழற்றி வைத்துவிட்டு, மின்வழங்கியை மட்டும் தனியே இயக்கி, மல்டிமீட்டர் கொண்டு அளப்பர். அக்காலச் சில்லுகளுக்குத் தேவை ஐந்து வோல்ட், 4.75க்குக் கீழ் இறங்கினால் ஆட்டம் தடுமாறும், 5.25ஐத் தாண்டினால் சில்லுக்கே தீங்கு. நாற்பது ஆண்டு கடந்த மின்வழங்கி இவ்வெல்லைக்குள் நிற்றல் அரிது.

காரணம் பெரும்பாலும் மின்தேக்கி. பழுது பார்ப்போர் அதனைக் கண்டென்சர் என்பர். அதனுள் இருக்கும் ஈரக்கலவை ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்துபோகும். உலர்ந்தால் மின்னோட்டத்தின் அலைவைச் சமன் செய்யும் ஆற்றல் குன்றும். ஒலிபெருக்கியில் இடையறாத ஹூங்காரம் கேட்கும், படம் நெளியும். அட்டாரி பொறிகளின் அடியில் இருக்கும் பெரிய நீலநிறக் கண்டென்சர் தொகுப்பாளரிடையே தனிப்பெயரே பெற்றுவிட்டது. பழையதை எடுத்துவிட்டுப் புதியது பொருத்துவதற்கு ஆகும் செலவு சிறிது. விளையும் பயன் பெரிது.

இங்கு ஓர் எச்சரிக்கை. இப்பொறிகளின் திரை, பழைய தொலைக்காட்சியில் இருந்த பிக்சர் டியூப் வகையைச் சேர்ந்தது. வண்ணப் படக்குழாயின் தலையில், ரப்பர் மூடியின் அடியில், இருபதாயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கும். இணைப்பைத் துண்டித்த பின்னும் அது உடனே தணிந்துவிடுவதில்லை. கண்ணாடிக் குழாயே ஒரு மின்தேக்கியாக நின்று அதனைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் தொடுவதற்கு முன், பிடி நன்கு காப்பிடப்பட்ட திருப்புளி ஒன்றைத் திரையின் உலோகச் சட்டத்தோடு கம்பியால் இணைத்து, மூடியின் அடியில் செலுத்தி மின்னை வெளியேற்றுவர். அவ்வேளையில் மற்றொரு கையை முதுகுக்குப் பின்னே மடக்கி வைத்துக்கொள்வது மரபு. மின்னோட்டம் ஒரு கை வழியே புகுந்து மறு கை வழியே வெளியேறின் இடையில் இருப்பது இதயம் அன்றோ? மேலும், திரையின் சுற்று நேரடியாக வீட்டு மின்னோடு இணையாதபடி இடையே ஒரு தனிப்பிரிப்பு மின்மாற்றி இருத்தல் இன்றியமையாதது. சோதனைக்காக மேசைமேல் திரையை மட்டும் எடுத்துவைத்து இயக்குவோர் இதனை மறந்தால் திரையின் சட்டமே உயிர்க்கம்பி ஆகிவிடும். அறிந்தவர் துணையின்றி மாணவர் எவரும் பழைய தொலைக்காட்சியைக்கூடத் திறந்து பார்க்கலாகாது.

பலகையும் நினைவுச் சில்லும்

மின்வழங்கி செம்மையுற்றபின் சுற்றுப் பலகைக்கு வருவர். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு குறை உண்டு. பாக்-மேன் பலகை மின்மாற்றியிலிருந்து மாறுமின்னோட்டத்தை வாங்கித் தன்மீதே ஐந்து வோல்ட்டாக்கிக்கொள்ளும். அதனால் பலகையின் விளிம்பில் உள்ள இணைப்பு முனைகள் சூடேறிக் கருகும். முனையைச் சுரண்டித் தூய்மை செய்து, புதிய இணைப்பான் பொருத்தினால் 'செத்த' பலகைகள் பல எழுந்துவிடும். டிஃபெண்டர் (1981) முதலிய வில்லியம்ஸ் பொறிகளில் உச்ச மதிப்பெண்களை நினைவில் வைத்திருக்க மூன்று மின்கலங்கள் இருந்தன. மாற்றாமல் விட்ட மின்கலம் கசிந்து, காரநீர் பலகையின் செப்புத் தடங்களைத் தின்றுவிடும். அக்காரத்தைக் காடிநீர் கொண்டு முறித்து, கழுவி, உலர்த்தி, அறுந்த தடத்தின்மேல் மயிரிழை போன்ற கம்பியை ஈயத்தால் பற்றவைத்து ஒட்டுவர். கையும் கண்ணும் ஒன்றாக நிற்க வேண்டிய பணி இது.

1985இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் எல்லாப் பலகைகளுக்கும் பொதுவான 56 முனை இணைப்பு முறை ஒன்றை வகுத்தது. 'ஜாமா' என்பது அதன் பெயர். அதன்பின் பலகையை மட்டும் மாற்றிப் புது விளையாட்டுக்குச் செல்வது எளிதாயிற்று. அதற்கு முற்பட்டவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி பேசும். நிண்டெண்டோவின் பழைய பலகைகள் வண்ணக் குறிகளைத் தலைகீழாக அனுப்பும். அதனைப் பொதுத்திரை ஒன்றோடு இணைத்தால் படம் நிழற்பட நெகட்டிவ் போலத் தோன்றும். அந்நிறுவனத்தார் அதற்கேற்ற திரையையே பொருத்தியிருந்தனர்.

இனி நினைவுச் சில்லு. இதுவே நம் துறைக்கு மிக அணுக்கமானது. விளையாட்டின் நிரலும் உருவங்களும் 'ஈப்ராம்' எனப்படும் சில்லுகளில் எழுதப்பட்டிருக்கும். பாக்-மேனின் முழு நிரலும் பதினாறு கிலோபைட். உருவங்களுக்கு மேலும் எட்டு. இன்று நாம் கைப்பேசியில் அனுப்பும் ஒரு படத்தின் அளவைவிட மிகச் சிறியது. அதற்குள் புதிர்வழியும், நான்கு பேய்களும், ஆடுபவரைத் துரத்துவதில் அப்பேய்கள் காட்டும் வேறுவேறு குணங்களும் அடங்கியுள்ளன. இச்சில்லின் மேல் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைச் செலுத்தினால் எழுத்து அழியும். அதனால்தான் சாளரத்தின்மீது தாள் ஒட்டி மறைப்பர். எழுத்து என்பது இங்கு அடைபட்ட மின்னூட்டம். தாள் உரிந்து வெயில் பட்டாலும், எதுவும் படாமல் பல பத்தாண்டுகள் சென்றாலும், அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். கசிந்த இடத்தில் சுழி ஒன்றாக மாறிவிடும். ஒரே ஓர் இடத்தில் அவ்வாறு மாறினும் போதும். பேய் சுவரில் முட்டி நிற்கும், அல்லது ஆட்டம் தொடங்கவே தொடங்காது. ஏட்டில் புள்ளி இல்லாமையால் மெய்யோ உயிர்மெய்யோ என்று பதிப்பாசிரியர் மயங்கி நின்ற நிலையை மாணவர் இங்கு எண்ணிப் பார்க்கலாம். அங்குப் பொருள் நோக்கி ஊகிக்கவேனும் இடமிருந்தது. செயலியோ எழுதியதை எழுதியபடியே படிப்பது.

எனவே ஒப்பிடுதற்கு நல்ல படி வேண்டும். 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா வெளியிட்ட 'மேம்' என்னும் மென்பொருள் இத்துறையில் ஒரு திருப்புமுனை. பழம்பொறிகளின் வன்பொருளைக் கணினியில் அவ்வாறே போலச்செய்து காட்டுவது அது. விளையாடுவதைவிட ஆவணப்படுத்துவதே தம் நோக்கம் என்று அதன் ஆக்குநர் கூறி வந்துள்ளனர். ஒவ்வொரு விளையாட்டின் ஒவ்வொரு சில்லிலிருந்தும் எடுத்த படியைப் பிழையற உறுதி செய்து, அதன் சரிபார்ப்பு எண்ணை அதில் குறித்து வைத்துள்ளனர். செப்பனிடுவோர் தம் பொறியின் சில்லைப் படித்து வரும் எண்ணை அதனோடு ஒத்துப் பார்ப்பர். ஒத்தால் சில்லு நலம். இன்றேல் புதிய சில்லில் மீள எழுத வேண்டும். அந்நிரல்களின் பதிப்புரிமை பெரும்பாலும் இன்னும் நிறுவனங்களிடமே உள்ளது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். ஒப்பிட்டறிதல் வேறு, படியெடுத்து விற்றல் வேறு.

ஒரே விளையாட்டுக்குப் பல வேறு படிகள் உண்டு. ஜப்பானில் 'பக்-மேன்' என்னும் பெயரில் வந்ததும் அமெரிக்காவில் பாக்-மேன் என வந்ததும் ஒன்றன்று. எவரோ திருட்டுத்தனமாக மாற்றியெழுதிய படிகளும் உண்டு. அவற்றையும் மேம் விடாது தொகுத்து, தலைமைப் படி இது, வேறுபாடு இது எனப் பிரித்து வைத்திருக்கிறது. பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்புமுறையை இது பெரிதும் ஒத்திருத்தல் நமக்கு மகிழ்ச்சி தருகிறது. பிழையையும் அவ்வாறே காக்கின்றனர் என்பது இன்னும் சிறப்பு. பாக்-மேனில் 256ஆம் கட்டத்தை எட்டினால், கட்டத்தை எண்ணும் எட்டு இருமக் கணக்கு நிரம்பிவிடுவதால், திரையின் வலப்பாதி பொருளற்ற எழுத்துகளாகச் சிதறும். அதனைத் திருத்துவது கடினமன்று. ஆயினும் திருத்தியதைப் பாக்-மேன் என எவரும் ஏற்பதில்லை.

எழுத்தை வேண்டுமென்றே அழியவிட்ட பொறிகளும் இருந்தன. 1993இல் வெளிவந்த காப்காம் நிறுவனத்தின் 'சிபிஎஸ்-2' பலகைகளில் நிரல் மறைமொழியில் எழுதப்பட்டிருந்தது. அதனை அவிழ்க்கும் திறவுகோல் ஒரு மின்கலத்தின் துணையால் மட்டுமே நினைவில் நிற்கும். மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் மறையும், பலகை ஊமையாகும். திருட்டுப்படியைத் தடுக்கவே இவ்வேற்பாடு. ஆனால் விலைகொடுத்து வாங்கியவர் பொறியும் அதனால் மாண்டது. தொகுப்பாளர் அம்மின்கலத்துக்குத் 'தற்கொலை மின்கலம்' என்றே பெயரிட்டனர். 2016இல் ஆர்வலர் சிலர் அப்பாதுகாப்பு முறையை முழுவதும் ஆராய்ந்து, மாண்ட பலகைக்கு அதன் திறவுகோலையே மீளச் செலுத்தும் வழியை வெளியிட்டனர். ஆக்கியவர் கைவிட்டதை ஆடியவர் மீட்டனர் எனலாம்.

படக்குழாய்

சில்லுக்கு மாற்றுண்டு, பெட்டிக்கு மரம் உண்டு, படக்குழாய்க்குத்தான் மாற்று இல்லை. பொறிகளுக்குரிய வண்ணப் படக்குழாய்களைப் புதிதாகச் செய்யும் ஆலைகள் இன்று இல்லை. ஒவ்வொரு குழாயும் ஒளி குன்றிக்கொண்டே போகிறது. பல ஆண்டுகள் ஒரே படத்தைக் காட்டியதால், அணைத்த திரையிலும் பாக்-மேனின் புதிர்வழி தழும்பாய்ப் பதிந்திருப்பதைக் காணலாம். அத்தகைய குழாயை நீக்கிவிட்டு, எவரோ தெருவில் எறிந்த வீட்டுத் தொலைக்காட்சியின் குழாயை எடுத்துப் பொருத்துவர். கழுத்தின் அளவும், ஊசிகளின் அமைப்பும், கழுத்தைச் சூழும் கம்பிச்சுருளின் தடையும் ஒத்துவர வேண்டும். கழுத்துக் கண்ணாடி மிக மெல்லியது. கை சற்றே இடறினால் 'உஸ்' என்னும் ஓசையோடு காற்றுப் புகுந்து குழாய் ஒழியும்.

ஆஸ்டராய்ட்ஸ், டெம்பெஸ்ட் (1981) போன்றவற்றின் திரை முற்றிலும் வேறானது. அதில் புள்ளி வரிசை இல்லை. எலெக்ட்ரான் கற்றை ஓவியர் கோல் போல நேரடியாகக் கோடு இழுக்கும். கருந்திரையில் ஏவப்படும் குண்டு ஒரு வைரப்பொறி போல் சுடர்விடும். இன்றைய தட்டைத் திரையில் எத்துணைத் திறமையாகப் போலச்செய்தாலும் அவ்வொளி வருவதில்லை. ஒலியிலும் இவ்வேறுபாடு உண்டு. ஸ்பேஸ் இன்வேடர்ஸின் இதயத்துடிப்புப் போன்ற நான்கு சுர ஒலி நிரலில் எழுதப்பட்டதன்று; மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்து பலகையில் பிறப்பிப்பது. எனவே நிரலை மட்டும் படியெடுத்தவர்க்கு ஒலி கிட்டவில்லை. மேம் மென்பொருளும் நெடுங்காலம் பதிவுசெய்த ஒலித்துணுக்குகளைக் கொண்டே அக்குறையை நிரப்பி வந்தது. அவ்விளையாட்டின் நின்றாடும் பெட்டியில் திரையை நேரே பார்ப்பதும் இல்லை. உள்ளே படுத்திருக்கும் திரையின் படம் கண்ணாடியில் எதிரொளித்து, பின்னே தீட்டிய நிலவுக்காட்சியின்மேல் மிதப்பதாய்த் தோன்றும். நிரல் காக்கப்பட்டுவிட்டது, இனிப் பொறி எதற்கு என்று வினவுவோர்க்கு இவையே விடை.

மூலம் எது?

பெட்டியைச் செப்பனிடுதல் தச்சர் பணியும் ஓவியர் பணியும் கலந்தது. அடிப்புறம் நீரில் ஊறி உப்பிய மரத்தூள் பலகையை அறுத்தெடுத்து ஒட்டுப்போடுவர். பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பக்கவாட்டு ஓவியத்தை நிறத்துக்கு ஓர் அச்சுத்தகடு வெட்டி மீளத் தீட்டுவர். கதவின் துருவை நீக்கிப் பொடிப்பூச்சு அளிப்பர். கைப்பிடியின் அடியில் இருக்கும் இலைவிசையின் முனையை ஒரு தாள் துண்டால் தேய்த்தாலே பழைய மென்மை வந்துவிடும்.

எவ்வளவு செய்வது என்பதே வினா. 1980களில் வருவாய் குறைந்த பொறிகளை உரிமையாளர்கள் கறுப்பு வண்ணம் பூசி, பலகையை மாற்றி, வேறு விளையாட்டுக்கு ஆக்கினர். உப்புத்தாள் கொண்டு தேய்க்கையில் கறுப்பின் அடியிலிருந்து வேறொரு விளையாட்டின் ஓவியம் எழுந்து வருதல் உண்டு. பெரும்பாலோர் முதற்பொறிக்கே திருப்புவர். அது முறையெனவே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் டாங்கி காங்கை நோக்குக. நிண்டெண்டோ அமெரிக்காவுக்கு அனுப்பிய 'ரேடார் ஸ்கோப்' பொறிகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் விலைபோகாமல் கிடந்தன. அச்சிவப்புப் பெட்டிகளுக்கென்றே மியாமோட்டோ டாங்கி காங்கை வடித்தார். முதலில் சந்தைக்கு வந்த டாங்கி காங் எல்லாம் மாற்றிய ரேடார் ஸ்கோப்பே. நீலப் பெட்டிகள் பின்னர் வந்தன. சிவப்புப் பெட்டி ஒன்று கைக்கு வந்தால் எந்த மூலத்துக்குத் திருப்புவது? ரேடார் ஸ்கோப்பாக்கினால் வரலாற்றில் பெயர் பெற்ற நிலை அழியும். டாங்கி காங்காகவே விட்டால் அதற்கும் முந்தைய நிலை மறைந்தே நிற்கும்.

'மிஸ் பாக்-மேன்' (1982) என்பதும் இவ்வாறே. ஜெனரல் கம்ப்யூட்டர் நிறுவனத்து இளைஞர்கள் பாக்-மேன் பொறிக்கு ஓர் இணைப்புப் பலகையாக 'கிரேசி ஆட்டோ' என்னும் பெயரில் ஆக்கியதை மிட்வே ஏற்று வெளியிட்டது. அசல் மிஸ் பாக்-மேனைத் திறந்தால் உள்ளே பாக்-மேன் பலகையும், அதன் செயலி இருந்த இடத்தில் செருகிய துணைப்பலகையும் காணப்படும். இடைச்செருகல் என்று நாம் ஒதுக்கத்தக்கது அங்குத் தனிநூலாகவே நிலைபெற்றுவிட்டது. ஆகவே எது முந்தியது என்பதொன்றே மூலத்தை முடிவு செய்யும் அளவுகோல் ஆகாது. மக்கள் எதனை ஆடினர் என்பதையும் சேர்த்தே காண வேண்டும் என்பது நம் கருத்து. அவ்வகையில் சிவப்புப் பெட்டி டாங்கி காங்காகவே நிற்றல் தகும்.

இவ்விரு நிலைக்கும் இடையே சிலர், அசல் உறுப்பெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, வெற்றுப் பெட்டியில் தட்டைத் திரையும் கணினியும் வைத்து ஆயிரம் விளையாட்டு ஓட்டுகின்றனர். நலிந்துபோன வெறும்பெட்டிக்கு அவ்வாறு செய்யின் குறையில்லை. ஓடக்கூடிய பொறியை அவ்வாறு குடைவது, அட்டை நன்றாக இருக்கிறதென்று ஏட்டை எறிந்துவிட்டு அட்டையை வைத்துக்கொள்வதற்கு ஒப்பாம். 2018 முதல் 'ஆர்க்கேட்1அப்' நிறுவனம் முக்கால் அளவில் புதுப்பெட்டிகளையே விற்பதால், அசலைக் குடைய வேண்டிய தேவையும் இன்று குறைந்துள்ளது.

நிறுவனங்களும் தனியாரும்

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து லக்கோனியாவில் ஃபன்ஸ்பாட் கூடத்தினுள் இயங்கும் பழம்பொறி அருங்காட்சியகமும், இலினாய் மாநிலத்து புரூக்ஃபீல்டில் 2010இல் தொடங்கிய 'கேலப்பிங் கோஸ்ட்' கூடமும் நூற்றுக்கணக்கான பொறிகளை ஓடும் நிலையில் வைத்துள்ளன. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் அட்டாரி பொறிப் பிரிவின் ஆவணங்களையே பெற்றுக் காத்து வருகிறது. வரைபடமும் வடிவமைப்புக் குறிப்பும் இல்லாத பொறியைச் செப்பனிடுதல், உரையில்லாத செய்யுளைப் பொருள்காணல் போன்றது. ஆகவே இவ்வாவணங்கள் பொறிகளுக்கு நிகரான மதிப்புடையன.

ஆயினும் பெரும்பாலான பொறிகள் இன்றும் வீடுகளிலேயே உள்ளன. இக்கலையைப் பயின்றோர் பலர் முன்பு பொறிக்கூடங்களுக்குப் பழுது பார்த்தவர்கள், முதுமை எய்தியவர்கள். அவர் கையறிவு முழுதும் எழுத்தில் வரவில்லை. எந்தப் பலகையில் எந்தச் சில்லு முதலில் கெடும், ஐயத்துக்குரிய சில்லின் முதுகில் நல்ல சில்லு ஒன்றை ஏற்றிப் பிடித்துப் பழுதைக் கண்டறிவது எப்படி என்பன அருகிருந்து கற்றவர்க்கே எளிதில் கைவரும். அதனையுணர்ந்த தொகுப்பாளர் சிலர் நல்லதொரு வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளனர். மாற்றிய பழைய உறுப்புகளை எறிந்துவிடாது ஒரு சிறு பையில் இட்டு, எந்த நாளில் எந்த இடத்தில் எது மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, இரண்டையும் பெட்டியின் உட்புறம் காசுக் கலத்துக்கு அருகே ஒட்டி வைக்கின்றனர். பழைய கூடக்காரர் வாரந்தோறும் காசுக் கணக்கைப் பென்சிலால் கிறுக்கிய பலகையும் பெரும்பாலும் அவ்விடத்தேதான் இருக்கும். அதனையும் வண்ணம் பூசி மறைக்காமல் விட்டுவிடுகின்றனர்.